கோட்டையும் மறியலும்

யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கிலே சிறைச்சாலைக்கு மறியல் என்று பெயர். தமிழகத்தார்க்கு மறியலென்றாற் கடைவாயிலிலும் தெருமுனையிலும் வழிமறித்து நின்று எதிர்ப்புக் காட்டுதல். நமக்கோ அஃது ஓர் இடம். உள்ளே போனவன் திரும்பி வரும்வரை வீட்டார் வாய்விட்டுச் சொல்லக் கூசும் இடம். "அவன் மறியலிலை" என்று அயலார் தாழ்ந்த குரலிற் கூறுவதைக் கேட்டு வளர்ந்தவன் நான். சிறுவனாயிருந்த காலத்திலே அந்த இடம் எங்கேயென்று கேட்டால், பெரியவர்கள் முற்றவெளிக்கு அப்பாலிருந்த கோட்டையைச் சுட்டிக் காட்டுவார்கள். அகழியும் மதிலுங் கொத்தளமும் எமக்குச் சரித்திரப் பாடமாய் அமையுமுன்னே மறியலாகவே அறிமுகமாயின.

கோட்டையைப் பற்றி நம்மவர் எழுதியவை குறைவல்ல. யார் பிடித்தார், யாரிடமிருந்து பிடித்தார், எந்த ஆண்டு பிடித்தார் என்பன பாடசாலைப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். ஆயினும், அதனுள்ளே அடைபட்டிருந்தோர் யாவர் என்று மாணவனொருவன் கேட்டாற் பெரும்பாலான ஆசிரியர்கள் விடை சொல்லத் தயங்குவர். பிடித்தவனுடைய கதையை மாத்திரம் படித்து, பிடிபட்டவனுடைய கதையை விட்டுவிடுதல் பாதிச் சரித்திரமேயாகும். மற்றப் பாதியை இயன்றவரை ஈண்டு எடுத்துரைக்க முயல்கின்றேன்.

இக்கதையில் முதலிற் பிடிபட்டவன் ஓர் அரசன். 1619 ஆம் ஆண்டிலே பிலிப்பு தெ ஒலிவேரா என்னும் பறங்கித் தளபதி யாழ்ப்பாண இராச்சியத்தின்மேற் படையெடுத்து வந்தான். நல்லூரிலிருந்து அரசாண்ட சங்கிலி குமாரன் தோற்று, கடல்வழியாகத் தப்பிச் செல்ல முயன்றபோது அகப்பட்டான். அவனைக் கோவாவுக்குக் கொண்டுபோய், அங்கே விசாரணை நடத்திக் கொலைத்தண்டனை நிறைவேற்றினர். தன் நாட்டிலே, தன் மொழி பேசுவோர் முன்னிலையில் அவனை விசாரிக்க அவர்கள் துணியவில்லை என்பது கருதத்தக்கது. கைதிக்கும் அவன் சுற்றத்தாருக்கும் இடையே கடலை வைத்தல் ஒரு பழைய தந்திரம். கரையோரப் பட்டினத்திலே கடல்தான் மறியலின் வெளிமதில். இந்தத் தந்திரம் பின்வந்த காலங்களிலும் வெவ்வேறு கைகளால் மீண்டும் மீண்டும் கையாளப்பட்டதைக் காணப்போகின்றோம்.

வென்ற ஒலிவேரா ஆட்சிப்பீடத்தை நல்லூரிலிருந்து கடற்கரையோரத்துக்கு மாற்றினான். அங்கே பிரான்சிஸ்கன் குருமார் எழுப்பிய புதுமை மாதா கோயில் ஏற்கெனவே இருந்தது. அதனை அண்டி நாற்கோண வடிவில் எழுந்த கோட்டைக்கும் அந்த மாதாவின் பெயரையே சூட்டினர். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்த கற்கள் கோட்டை மதிலுக்குப் போயின என்பது வழிவழியாக வந்த செய்தி. இதனை வெறும் மனத்தாங்கலின் கூற்றென்று ஒதுக்கிவிட முடியாது. முதலாம் இராசேந்திர சோழன் காலத்துத் தமிழ்ச் சாசனத் துண்டொன்று கோட்டைக்குள்ளிருந்தே கிடைத்திருக்கின்றது. கோயிற்கட்டடத்துக்குரிய கற்களும் அங்கே காணப்பட்டுள்ளன. பதினோராம் நூற்றாண்டிலே சமயப்பணிக்கென்று வெட்டிய எழுத்து, படைவீரனுடைய காலடியிலே கிடந்திருக்கின்றது. கல்லும் ஒருவகையிற் சிறைப்பட்டதேயாம்.

பறங்கியர் நாற்பது ஆண்டளவே இங்கு அரசாண்டனர். 1658 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒல்லாந்தத் தளபதி றைக்லொவ் வான் கூன்ஸ் மன்னாரைப் பிடித்தபின், தரைவழியாக வந்து கடல்நீரேரியைக் கடந்து யாழ்ப்பாணப் பட்டினத்தை வளைத்தான். மன்னாரிலிருந்து ஓடிவந்தோரும், பட்டினத்துப் பறங்கிக் குடும்பங்களும், அடிமைகளும், போர்வீரரும் அந்தச் சிறிய நாற்கோணத்துக்குள்ளே நெருக்குண்டனர். முற்றுகை ஏறத்தாழ மூன்றரை மாதம் நீடித்தது. உணவு அருகிற்று, நோய் பெருகிற்று. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே நீரின் நடுவில் நிற்கும் சிறு கோட்டை முதலில் வீழ்ந்தது. அதனை வீழ்த்தியது பீரங்கியைக் காட்டிலுந் தாகமே. நாற்புறமும் நீர் சூழ்ந்த இடத்திலே குடிநீரின்றி மனிதர் சரணடைந்தனர். யூன் மாதத்திற் பெரிய கோட்டையும் பணிந்தது. உள்ளேயிருந்து மெலிந்து வெளிவந்தோர் கப்பல்களில் ஏற்றி அனுப்பப்பட்டனர். கோவாவுக்கு அரசனை அனுப்பியவர்களுக்கும் கடல் வழிகாட்டியது.

இவற்றையெல்லாம் நமக்கு எழுதிவைத்தவர் பால்டேயஸ் பாதிரியார். ஒல்லாந்தப் படையோடு வந்து முற்றுகையைக் கண்ணாற் கண்டவர். பின்னர் யாழ்ப்பாணத்திற் பல ஆண்டு தங்கித் தமிழ் கற்றவர். 1672 இல் அமிஸ்தர்தாமில் வெளியான அவருடைய பெருநூலிலே தமிழெழுத்துக்களும் இடம்பெற்றன. சமயப் பகைமை அவர் கண்ணை இடையிடையே மறைத்ததுண்டு. ஆயினும் முற்றுகையின் துயரத்தை அவர் மூடி மறைத்தாரல்லர்.

ஒல்லாந்தர் கோட்டைக்குட் புகுந்து மூன்று மாதங்கூட ஆகாமுன் நிகழ்ந்த ஒரு சம்பவம், யாழ்ப்பாணத்தின் சிறைக்கதைகளிலெல்லாம் ஆழமாக மக்கள் மனத்திற் பதிந்தது. 1658 செப்டெம்பர் மாதத்தில், கோட்டையை மீளப் பிடிப்பதற்குச் சதியொன்று உருவாயிற்று. ஒல்லாந்தர் சேவையிற் சேர்ந்திருந்த பறங்கியர் சிலரும் உள்ளூரார் சிலரும் அதிற் சம்பந்தப்பட்டனர் எனப்பட்டது. அதனை வெளிப்படுத்தியவன் மனுவேல் அந்திராடோ என்னும் உள்ளூர்க் கிறித்தவ அதிகாரி. சம்பந்தப்பட்டோரெனக் கருதப்பட்டவர்கள் கொடுமையான தண்டனைகளுக்கு உள்ளாகி மாண்டனர். காட்டிக்கொடுத்தவன் பதவியும் மதிப்பும் பெற்றான். ஒல்லாந்தருடைய ஏடுகள் சொல்லும் கதை இது.

நாட்டுமக்கள் சொல்லும் கதை வேறு. அதிற் கதாநாயகன் பூதத்தம்பி முதலி. அந்திராடோ 'அந்திராசி' என்னும் பெயரில் வருகின்றான். பூதத்தம்பியின் மனைவி அழகவல்லிமீது அந்திராசி தீய எண்ணங் கொள்கின்றான். அவள் அவனை இகழ்ந்து விரட்டுகின்றாள். அவமானம் பொறாதவன் வஞ்சந் தீர்க்க வழிதேடி, அரசாங்க அலுவலுக்கென்று சொல்லிப் பூதத்தம்பியிடம் வெற்றுத்தாளிற் கையொப்பம் வாங்கிக் கொள்கின்றான். அந்தத் தாளிற் பின்னர் எழுதப்பட்டது இராசத் துரோகம். பூதத்தம்பி மறியலில் அடைபட்டுத் தலையிழக்கின்றான். நீதிகேட்டு அவன் மைத்துனன் கைலாயபிள்ளை கொழும்புக்குச் சென்று முறையிட, விசாரணைக்கு அழைக்கப்பட்ட அந்திராசியை வழியிலே காட்டுயானை கொன்றுவிடுகின்றது.

இந்தக் கதை கூத்தாகவும் விலாசமாகவும் நம் ஊர்களில் விடிய விடிய ஆடப்பட்டது. சரித்திர ஆசிரியன் இதனைக் கண்டு உதட்டைப் பிதுக்கலாம். நான் அவ்வாறு செய்யமாட்டேன். ஆளவந்தோருடைய ஏட்டிலே பூதத்தம்பி போன்றோருக்குக் கிடைத்தது ஒரே சொல்: சதிகாரன். அந்தச் சொல்லை மறுத்துப் பேச அவனுக்கு மன்றமில்லை. அவன் பக்கத்தார்க்கு அச்சுக்கூடமில்லை. களரிதான் அவர்களுடைய மன்றமாயிற்று. வெற்றுத்தாளில் இட்ட கையொப்பம் என்னும் அந்த ஒரு காட்சியிலே நம் மூதாதையர் ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடித்து வைத்துள்ளனர். முதலிற் கையொப்பம், குற்றம் பின்னர் எழுதப்படும். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே, தமக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதப்பட்ட வாக்குமூலத்திற் கையொப்பமிட்டோம் என்று நம் இளைஞர் நீதிமன்றங்களிலே சொன்னபோது, கூத்துப் பார்த்த கிழவர்களுக்கு அது புதுமையாகத் தோன்றியிராது. யானை வந்து நீதி செய்த முடிவை மாத்திரம் அவர்கள் எதிர்பார்த்திருக்கமாட்டார்கள்.

இனி ஒல்லாந்தர் கட்டிய கோட்டையைப் பார்ப்போம். பறங்கியருடைய நாற்கோணத்தை நீக்கி, ஐங்கோண வடிவிற் புதிய கோட்டையை எழுப்பினர். 1680 அளவில் அதன் உட்கோட்டை நிறைவேறிற்று. ஐந்து மூலையிலும் ஐந்து கொத்தளங்கள். அவற்றுக்கு ஒல்லாந்து, சீலாந்து, கெல்டர்லாந்து, உத்திரெக்து, பிரீசுலாந்து என்று தம் நாட்டு மாகாணங்களின் பெயர்களை இட்டனர். கடலில் வெட்டிய முருகைக்கல்லும் சுண்ணாம்புஞ் சேர்ந்தெழுந்த மதில் அது. கல்லை வெட்டியவன் யார், சுமந்தவன் யார், சுண்ணாம்பு நீற்றியவன் யார் என்பதற்குக் கொத்தளங்களின் பெயர்களில் விடையில்லை. 'ஊழியம்' என்னும் முறையினால் குறிப்பிட்ட சாதியினர் ஆண்டுதோறும் சில நாட்கள் கூலியின்றி அரசாங்க வேலை செய்யக் கடமைப்பட்டிருந்தனர். வேலைக்கு வராதவர் தண்டப்பணங் கட்டவேண்டும். தமிழகக் கரையிற் பஞ்சம் வந்த காலங்களில் அடிமைகளாக விலைபோனோர் யாழ்ப்பாணத்துக்குக் கப்பலேறி வந்தனர். 1707 இல் தொகுக்கப்பட்ட தேசவழமைச் சட்டத்தில் அடிமைகளைப் பற்றியும் விதிகள் உண்டு. அடிமைமுறை இந்நாட்டில் ஒழிந்தது 1844 இலேதான். மறியலுக்கு மதில் வேண்டுமென்பது நம் எண்ணம். மதிலின்றியே தலைமுறை தலைமுறையாக மறியலில் இருந்தோரும் இப்பட்டினத்தில் இருந்தனர். நம்முடைய சொந்த வீடுகளின் வளவுகளிலேயே அவர்கள் இருந்தனர் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

கோட்டைக்குள்ளே 1706 இல் எழுந்த தேவாலயம் சிலுவை வடிவில் அமைந்தது. தடித்த சுவர், உயர்ந்த கூரை, நிலமெங்கும் ஒல்லாந்தப் பிரபுக்களின் கல்லறைக் கற்கள். வெயிலிலிருந்து உள்ளே போனாற் குளத்தில் இறங்கியது போலிருக்கும். மாணவனாயிருந்த நாளில் அந்தக் கற்களிலே செதுக்கிய குலச் சின்னங்களை விரலாற் தடவிப் பார்த்ததுண்டு. யாழ்ப்பாணத்திற் செத்த ஒல்லாந்தனுக்குக் கல்லும் எழுத்தும் இருந்தன.

வெளிச்சுற்று அரண்கள் 1792 இலே நிறைவேறின. நட்சத்திர வடிவான அந்த அமைப்பு, கீழைத்தேசத்தில் ஐரோப்பியர் எழுப்பிய கோட்டைகளுட் சிறந்த ஒன்றென்று அறிந்தோர் புகழ்வர். மூன்றே ஆண்டின்பின், 1795 செப்டெம்பரில், சென்னையிலிருந்து வந்த ஆங்கிலப்படை வாயிலில் நின்றபோது, ஒரு வெடியுந் தீராமற் கோட்டை கைமாறியது. ஐரோப்பாவில் ஒல்லாந்து பிரெஞ்சுப் படையிடம் வீழ்ந்துவிட்டது. இங்கே காத்து நிற்பதற்குக் காரணம் அற்றுப்போயிற்று. நூற்றாண்டுக்கு மேலாகச் சனங்களின் முதுகில் ஏற்றிக் கட்டிய அரண், கட்டியவர்க்கு ஒரு நாட்கூடப் பயன்படவில்லை.

ஆங்கிலேயர் ஆட்சியில் ஒரு நற்செய்தி உண்டு. 1799 இல் வெளியிட்ட பிரகடனத்தினாற் சித்திரவதையையும் உடலைச் சிதைக்குந் தண்டனைகளையும் ஒழித்தனர். சக்கரத்திற் கட்டி எலும்பை முறிக்குங் காலம் முடிந்தது. பூட்டும் இடாப்பும் மணியோசையுங் கொண்ட சிறைச்சாலைக் காலம் தொடங்கியது. கச்சேரியும் பழைய பூங்காவும் ஆட்சியின் நடுவிடமாய்விட, கோட்டையிற் படையின் முக்கியத்துவம் குறைந்தது, சிறைச்சாலை நிலைத்தது. நீர்நடுவிலிருந்த ஊர்காவற்றுறைக் கோட்டையைத் தொற்றுநோயாளரை ஒதுக்கிவைக்கும் இடமாகவும் பயன்படுத்தினர். ஒல்லாந்தர் அதற்கு இட்ட பெயர் ஹமன்ஹீல். பன்றித் தொடையின் குதிகால் என்பது பொருள். இலங்கைப் படம் அவர்களுக்கு உப்பிட்ட பன்றித் தொடைபோலத் தோன்றியதாம்! நம் கண்ணுக்கு மாங்காயாகவும் முத்தாகவும் தோன்றும் நாடு அவர்களுக்கு உணவு மேசையை நினைவூட்டியது இயல்பே.

1904 இன் முடிவிலே வோல்தேயருடைய நூற்றொகுதியோடும் ஒரு நாயோடும் இலங்கைக்கு வந்து, 1905 இன் தொடக்கத்திலே யாழ்ப்பாணத்துக்கு உத்தியோகம் பெற்றார் ஓர் இளைஞர். கோட்டை மதிலின்மேல் அமைந்த பங்களாவிற் குடியிருந்த அவர்தான் பிற்காலத்திற் பேரெழுத்தாளரான லெனாட் வூல்ஃப். 1961 இல் வெளியான அவருடைய சுயசரிதைப் பகுதியில் யாழ்ப்பாண நாட்கள் இடம்பெறுகின்றன. 1907 இல் கண்டிக்கு மாற்றலாகிச் சென்றபின், போகம்பறைச் சிறையிலே தூக்குத்தண்டனை நிறைவேறும்போது உத்தியோக முறையில் உடனிருக்க வேண்டிய கடமை அவருக்கு வாய்த்தது. கண்ட காட்சி அவரை வாழ்நாள் முழுவதும் கொலைத்தண்டனைக்குப் பகைவராக்கியது. அம்பாந்தோட்டைக் காட்டுக் கிராமத்தை வைத்து அவர் 1913 இல் வெளியிட்ட நாவலிலும், குற்றமற்ற கிராமத்தான் ஒருவன் தனக்கு விளங்காத மொழியில் நடந்த வழக்கினாற் சிறைப்பட்டு, அங்கேயே மடிகின்றான். நீதிபதியின் ஆசனத்தில் இருந்தவர் ஒருவர் குற்றவாளிக் கூண்டின் பக்கம் நின்று நாவல் எழுதியது நம் நாட்டில் அரிதாக நிகழ்ந்த காரியம்.

சுதந்திரத்தின்பின் நடந்தவற்றை வாசகர்களிற் பலர் வாழ்ந்தே அறிவர். ஆதலின் விரைந்து செல்கின்றேன். 1961 பெப்ரவரியிலே தமிழரசுக் கட்சியினர் தமிழுரிமை கோரி யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலில் சத்தியாக்கிரகந் தொடங்கினர். ஏப்பிரல் 17 ஆந் தேதி அவசரகாலச் சட்டம் பிறந்தது, படை வந்தது, தந்தை செல்வநாயகமும் ஏனைய தலைவர்களும் பனாகொடை இராணுவ முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். தமிழகத்துப் பொருளில் மறியல் செய்தவர்கள் யாழ்ப்பாணத்துப் பொருளில் மறியலுக்குப் போயினர். சொல்லின் இரு பொருளும் ஒன்றாய் இணைந்த நாள் அது.

பத்தாண்டுகளின்பின் வந்த கைதி தமிழனல்லன். 1971 மார்ச்சு மாதத்தில் கைதான மக்கள் விடுதலை முன்னணித் தலைவர் றோகண விஜேவீரவை அரசாங்கம் யாழ்ப்பாணச் சிறையில் வைத்தது. ஏப்பிரல் 5 ஆந் தேதி தெற்கெங்கும் கிளர்ச்சி வெடித்தபோது, அவரை மீட்பதற்கென ஒரு குழு யாழ்ப்பாணம் வந்து முயன்று தோற்றது. கிளர்ச்சி நசுக்கப்பட்டபின் சிங்கள இளைஞர் சிலர் ஹமன்ஹீல் கடற்கோட்டையிலும் அடைபட்டிருந்தனர். காலியிலும் மாத்தறையிலும் இருந்த ஒரு தாய், மகனைப் பார்க்க யாழ்தேவியில் நாள் முழுதும் வந்து, மொழி தெரியாத ஊரில் வழிகேட்டு, பிறகு வள்ளத்தில் ஏறவேண்டும். அவர்களுடைய துயரத்தை அந்நாளில் எழுதிய தமிழ்ப் பேனாக்கள் மிகச் சிலவே. எழுதியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகின்றது.

ஏனெனிற் காலச்சக்கரம் திரும்பிற்று. 1979 இற் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தபின், பிடிபடுவோன் தமிழ் இளைஞன். அடைபடும் இடம் குருநகர் முகாம், ஆனையிறவு முகாம், கோட்டை முகாம். பின்னர் காலிக்கு அண்மையிலுள்ள பூசா. 1984 இல் நூற்றுக்கணக்கான இளைஞர் கைதானபோது யாழ்ப்பாணத்துத் தாய்மார் அன்னையர் முன்னணி அமைத்து, கச்சேரிக்கு ஊர்வலமாய்ச் சென்று பிள்ளைகளை விடுவிக்கும்படி அரசாங்க அதிபரிடம் முறையிட்டனர். 1987 இல் வடமராட்சி இராணுவ நடவடிக்கையிற் பிடிபட்ட இளைஞர் பெருந்தொகையாகக் கப்பலேற்றப்பட்டுத் தென்கரைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். தென்னிலங்கைத் தாய் வடக்கே வந்தாள்; வடபுலத்துத் தாய் தெற்கே போனாள். சங்கிலியைக் கோவாவுக்கு அனுப்பிய புத்தி மூன்றரை நூற்றாண்டாகியும் மாறவில்லை.

கோட்டைக்கு எதிரே, முற்றவெளியின் மறுபக்கத்தில், யாழ்ப்பாணப் பொது நூலகம் இருந்தது. 1981 மே 31 இரவு தொடங்கிய வெறியாட்டத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களோடு அது எரிந்தது. நுஃமானும் சேரனும் அத்தீயைப் பற்றி எழுதிய கவிதைகளை இலக்கிய மாணவர் அறிவர். ஒருபுறம் மதில், மறுபுறம் நூலகம். நடுவே பிள்ளைகள் விளையாடும் வெளி. ஒரு பட்டினத்தின் கதைக்கு இதைவிடத் தெளிந்த வரைபடம் வேண்டா.

1985 இலிருந்து படையினர் கோட்டையை விட்டு வெளிவருதல் அரிதாயிற்று. வெளியே இயக்கங்களின் காவல். கோட்டையிலிருந்து புறப்பட்ட எறிகணைகள் நகருக்குள் வீழ்ந்தன. பெரிய கடைப் பகுதி ஆளரவமற்றுப் போயிற்று. 1987 ஒக்டோபரில் இந்தியப் படை நகரைப் பிடித்தபோது, 21, 22 ஆந் தேதிகளிற் பெரியாஸ்பத்திரிக்குள்ளேயே நோயாளரும் வைத்தியரும் தாதியரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1990 மார்ச்சில் அப்படை நாடு திரும்பியது. யூனிற் போர் மீண்டும் மூண்டது.

1990 இன் முற்றுகையை நான் 1658 இன் முற்றுகையோடு சேர்த்தே வைத்துப் பார்ப்பதுண்டு. அன்றும் யூனோடு முடிந்த மூன்றரை மாதம். இன்றும் யூனிலே தொடங்கிய மூன்றரை மாதம். அன்று உள்ளே பறங்கியர். இன்று இலங்கைப் படையினரும் பொலிசாரும். தரைப்பக்கம் முழுவதும் விடுதலைப் புலிகள் வசம். உணவும் மருந்தும் வானூர்தியினால் இடப்பட்டன. காயப்பட்டோரை எடுக்க உலங்குவானூர்தி உயிரைப் பணயம் வைத்து இறங்க வேண்டியதாயிற்று. செப்டெம்பர் நடுப்பகுதியில் மண்டைதீவிலிருந்து கடல்நீரேரியை வள்ளங்களிற் கடந்து படையினர் கோட்டைக்குட் புகுந்தனர். இரு வாரங்கூட ஆகவில்லை, 26 ஆந் தேதி கோட்டையைக் கைவிட்டு அந்த வழியே மீண்டனர். பிறரை மறிக்கவென்று எழுந்த மதில், அதனைக் காத்து நின்றவர்களையே மறியலில் வைத்தது. அவர்களும் யாரோ ஒரு தாயின் பிள்ளைகள். தென்னிலங்கைக் கிராமங்களிலே அவர்களுக்காக நேர்த்திக்கடன் வைத்தோர் இருந்திருப்பர். வெளியே நம் சனங்கள் பதுங்குகுழிகளில் இருந்தனர். குண்டுகள் இருபக்கமும் வீழ்ந்தன. 1706 இன் தேவாலயம் அந்தப் போரில் அழிந்தது. விரலாற் தடவிய கற்கள் இடிபாட்டுக்குள் மறைந்தன. கோட்டைக்குள் எஞ்சிய கட்டடங்களையும் மதிலின் பகுதிகளையும் புலிகள் பின்னர் தகர்த்தனர், கற்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன.

கோட்டை போனதோடு மறியலும் போயிற்று என்று எண்ணியோர் ஏமாந்தனர். புதிய ஆட்சியாளருக்கும் மறியல் தேவைப்பட்டது. துணுக்காயிலும் வேறிடங்களிலும் மாற்று இயக்கத்தாரும், ஐயத்துக்கு உள்ளான பொதுமக்களும் அடைபட்டனர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவியும், 'தோழி' என்னும் சஞ்சிகையை நடத்தியவரும், கவிஞருமான செல்வியை 1991 ஓகஸ்டில் விடுதலைப் புலிகள் பிடித்துச் சென்றனர். அவர் திரும்பி வரவில்லை. அந்நியன் செய்தால் அக்கிரமம், நம்மவன் செய்தால் அவசியம் என்று எழுதும் பேனாவுக்குச் சரித்திரம் எழுத உரிமையில்லை என்பது என் எண்ணம்.

1995 இன் முடிவில் இராணுவம் யாழ்ப்பாணத்தை மீளப் பிடித்தது. 1996 இலே காவலரண்களிலும் சுற்றிவளைப்புக்களிலும் பிடிபட்ட நூற்றுக்கணக்கானோர் காணாமற் போயினர். இராணுவத்தினன் ஒருவனுடைய நீதிமன்ற வாக்குமூலத்தின்பின், 1999 இல் செம்மணியிலே நிலத்தைத் தோண்டியபோது 15 பேருடைய எச்சங்கள் வெளிவந்தன. பழைய மறியலை எவ்வளவு நிந்தித்தாலும், அங்கே ஓர் இடாப்பு இருந்தது. உள்ளே போனவன் பெயரும், போன நாளும், வெளிவந்த நாளும் மையினால் எழுதப்பட்டிருக்கும். சந்திக்கப்போன மனைவிக்கு "இங்கே இருக்கிறான்" அல்லது "இங்கே இல்லை" என்று பதில் சொல்ல ஒருவன் கடமைப்பட்டிருந்தான். இடாப்பில்லாத மறியல் எத்தகையது என்பதை இப்பட்டினம் தன் பிற்காலத்தில் கற்றுக்கொண்டது.

போர் 2009 இல் முடிந்தபின், ஒல்லாந்து அரசாங்கத்தின் உதவியோடு தொல்லியற் திணைக்களம் கோட்டையைப் புனரமைக்கத் தொடங்கிற்று. மதிலின் பெரும்பகுதி மீண்டும் எழுந்துள்ளது. மாலை வேளையிற் குடும்பங்கள் கொத்தளங்களில் ஏறிப் பண்ணைக் கடலிற் சூரியன் மறைவதைப் பார்க்கின்றன; பிள்ளைகள் படமெடுக்கின்றனர். இது நல்லதே. ஊரவனை உள்ளே விடாத மதிலின்மேல் ஊரவன் பிள்ளை கால்நீட்டி அமர்ந்து கச்சான் கொறிப்பதைக் காணும்போது எனக்கும் மகிழ்ச்சியே. ஹமன்ஹீலும் இன்று மறியலன்று. கடற்படையினர் நடத்தும் விருந்தினர் விடுதி. தாகத்தினாற் சரணடைந்த இடத்திலே குளிர்பானம் பரிமாறப்படுகின்றது.

பேராசிரியர் புஷ்பரட்ணம் முதலானோரும், பின்னர் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்தோரும் கோட்டைக்குள்ளே அகழாய்வு நடத்தினர். பறங்கியர் வருகைக்கு ஆயிரம் ஆண்டுக்கும் முற்பட்ட மட்பாண்டத் துண்டுகள் கிடைத்தன. உரோம, சீன, அரபுநாட்டு வணிகத்தின் அடையாளங்களும் வெளிவந்தன. மதிலுக்கும் மறியலுக்கும் முன்னே அது வருவோரை வரவேற்ற துறையாய் இருந்ததென்பது தெளிவாயிற்று. அந்த மண்ணைச் சல்லடையிலிட்டு அரித்தவர்கள் நம் மாணவர்களே. அவர்கள் ஓடுகளுக்கு இலக்கமிட்டது போல, நம் பாடசாலைகளின் உயர்தர மாணவர்களும் தத்தம் ஊரிலே 1961 இலும் 1971 இலும் 1984 இலும் 1991 இலும் 1996 இலும் பிடிபட்டோர் பெயரையும் நாளையும் வீட்டாரிடங் கேட்டு ஒரு கொப்பியில் எழுதலாம். ஆசிரியர்கள் தவணை வேலையாக இதனைக் கொடுக்கலாம். அன்னையர் முன்னணியோடு கச்சேரிக்கு நடந்தவர்களில் இளையவருக்கே இப்போது எழுபதுக்கு மேல்.